வீட்டுக்குள் வடக்கு எங்கே?

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம் எங்கள் குடும்பம் புதிய வீவக அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனது. பதினொன்றாம் மாடியில் நான்கறை வீடு. சாவி கைக்கு வந்த அன்று பாட்டி கேட்ட முதல் கேள்வி சமையலறையைப் பற்றியது அல்ல. "சாமி எந்தப் பக்கம் பார்த்து இருக்கும்?" என்பதுதான். கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வரவேற்பறையில், பாதுகாப்பு அறையின் சுவரை ஒட்டிச் சன்னலைப் பார்த்தபடி சாமி மேடை அமைப்பது என்று பேசி முடிவாகித் தச்சருக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

தச்சர் அளவெடுக்க வந்த நாளில் மாமாவும் தம் சாரணர் காலத்துத் திசைகாட்டியோடு வந்து சேர்ந்தார். சுவரோரம் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் அதை வைத்து, ஊசி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மேடை பார்க்கப்போகும் திசை 94 பாகை. "அசல் கிழக்கு. நாலு பாகையெல்லாம் ஒரு கணக்கா?" என்றார். அப்பாவுக்கு ஐயம். நடு அறையில் நின்று தம் கைத்தொலைபேசியில் பார்த்தார். அதே திசை அதில் 48 பாகை. "இது கிழக்கே இல்லை மச்சான், வடகிழக்கு" என்றார். ஒரே அறை, ஒரே திசை, இரண்டு கருவிகள், இடையே 46 பாகை வேறுபாடு. தச்சர் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு, "நீங்க முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று மின்தூக்கிப் பக்கம் நடந்துவிட்டார்.

பாட்டி என் பக்கம் திரும்பினார். "இன்ஜினியருக்குப் படிக்கிறியே, நீ சொல்லுடா."

இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவனான எனக்கு அன்று பதில் தெரியவில்லை என்பதே உண்மை. இரண்டில் ஏதோ ஒன்று சரியாக இருக்கும், மற்றது பழுதாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டுமே தவறு என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதே இந்தக் கட்டுரை. நம் நாட்டில் வீட்டுக்குள் திசை பார்ப்பவர்கள் இந்துக்கள் மட்டும் அல்லர். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் ஃபெங் சுயி நிபுணரை அழைத்து, நடுவில் காந்த ஊசி பொருத்திய லுவோபான் தட்டைக் கொண்டு பார்க்கிறது. எதிர்வீட்டு மலாய்க் குடும்பம் தொழுகைக்குக் கிப்லா திசை பார்க்கிறது. மாலை வெயில் எந்த அறையில் விழும் என்று பார்த்து வீடு தேர்ந்தெடுப்பவர்களும் கைத்தொலைபேசியைத்தான் நீட்டுகிறார்கள். எல்லாருடைய காலடியிலும் இருப்பது அதே கம்பி கட்டிய கான்கிரீட்.

ஊசி எதைக் காட்டுகிறது?

திசைகாட்டி வடக்கைக் காட்டும் கருவி என்று தொடக்கப்பள்ளியில் படித்தோம். சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். ஊசிக்கு வடக்கும் தெரியாது, தெற்கும் தெரியாது. தான் இருக்கும் அந்த ஓர் இடத்தில் காந்தப்புலம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கம் அது திரும்பி நிற்கும். அங்கே பூமியின் காந்தப்புலம் மட்டும் இருந்தால் அது வடக்காக அமையும். பக்கத்தில் இன்னொரு புலமும் இருந்தால், இரண்டும் கூடிய மொத்தத்தின் பக்கம் ஊசி திரும்பும். எது பூமியுடையது, எது இரும்புக் கதவுடையது என்று பிரித்துச் சொல்ல ஊசியால் முடியாது.

பூமியின் புலம் எவ்வளவு வலுவானது? சிங்கப்பூரில் ஏறக்குறைய 42 மைக்ரோடெஸ்லா. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கும் சிறு காந்தத்தின் மேற்பரப்பில் இருப்பது இதைப்போல நூறு மடங்குக்குக் குறையாது. ஆனால் காந்தத்தை விட்டு விலக விலக அதன் புலம் மிக விரைவாகத் தேயும். சிறிய காந்தமானால், தூரம் இரு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். பூமியின் புலம் பலவீனமானது, ஆனால் எங்கும் இருப்பது. மற்றவை வலுவானவை, ஆனால் அருகில் மட்டும் ஆட்சி செய்பவை. வீட்டுக்குள் நடக்கும் இழுபறி முழுவதும் இதுதான்.

இந்த இழுபறியில் நம் வட்டாரத்துக்கு ஓர் அனுகூலம் உண்டு. திசைகாட்டி ஊசி கிடைமட்டமாகச் சுழல்வது. ஆகவே புலத்தின் கிடைமட்டப் பகுதிதான் அதைத் திருப்பும். நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், இங்கே பூமியின் புலம் ஏறக்குறைய முழுவதும் கிடைமட்டமாகவே ஓடுகிறது. 42இல் 41 மைக்ரோடெஸ்லா ஊசிக்குப் பயன்படுகிறது. லண்டனில் மொத்தப் புலம் நம்முடையதைவிட அதிகம், ஏறக்குறைய 49. ஆனால் அது தரைக்குள் செங்குத்தாகப் பாய்வதுபோல் சரிந்திருப்பதால் கிடைமட்டப் பகுதி 20 அளவில்தான் இருக்கிறது. ஒரு தூணில் உள்ள கம்பி குறுக்கே 10 மைக்ரோடெஸ்லா கொடுத்தால், லண்டனில் ஊசி 27 பாகை அளவு விலகும். சிங்கப்பூரில் 14 பாகைதான் விலகும். அதே இரும்பு, பாதித் தவறு.

இன்னோர் அனுகூலமும் உண்டு. காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். சிட்னியில் இவ்விரண்டுக்கும் இடையே 12 பாகைக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் அந்த வேறுபாடு ஒரு பாகைக்கும் குறைவு. வரைபடத்தின் வடக்கையும் ஊசியின் வடக்கையும் நாம் அப்படியே ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆக, இங்கே திசைகாட்டி பிழை காட்டினால் அதற்குப் பூமியைக் குறை சொல்ல வழியில்லை.

திசைச் சொற்களைப் பற்றியும் இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கீழ் என்பதிலிருந்து கிழக்கும், மேல் என்பதிலிருந்து மேற்கும் வந்தன என்பர். மேற்கே மலையும் கிழக்கே கடலும் உள்ள தமிழகத்து நிலம் கொடுத்த சொற்கள் அவை. ஈப்போவில் பிறந்த என் நண்பன் ஒருவன், "எங்கள் ஊரில் மலைத்தொடர் இருப்பதே கிழக்கில்தான். சொல்லை நம்பினால் நாங்கள் திசை தப்பிவிடுவோம்" என்பான்.

கட்டடம் ஒரு காந்தம்

நம் அடுக்குமாடி வீடுகளின் தளம், தூண், உத்தரம் எல்லாவற்றிலும் எஃகுக் கம்பி இருக்கிறது. கான்கிரீட்டுக்குக் காந்தத்தோடு தொடர்பில்லை, கம்பிக்கு உண்டு. பூமியின் புலத்தில் கிடக்கும் எஃகு தானும் மெல்லக் காந்தமாகிறது. கட்டும்போது அடிபட்டாலும், பற்றவைக்கப்பட்டாலும் அந்தக் காந்தத்தன்மை அதில் நிலைத்துவிடவும் கூடும். 1600ஆம் ஆண்டில் வில்லியம் கில்பர்ட் காந்தத்தைப் பற்றி எழுதிய நூலில், கொல்லன் ஒருவன் இரும்பை வடக்கு தெற்காக வைத்து அடிக்கும் படம் இருக்கிறது. அப்படி அடித்தால் இரும்பு காந்தமாகும் என்பதை அவர் அன்றே விளக்கியிருந்தார். நம் கட்டடங்களில் அந்தக் கொல்லன் பட்டறை மாடிக்கு மாடி நடந்திருக்கிறது எனலாம்.

இதில் சிங்கப்பூர் வீடுகளுக்கே உரிய ஒன்று பாதுகாப்பு அறை. 1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டப்பட்ட வீவக வீடுகளில் இதைக் காணலாம். போர்க்காலத்தில் குடும்பம் பதுங்குவதற்கான அறை. இப்போது பெரும்பாலும் அரிசி மூட்டையும் பழைய விசிறியும் பதுங்கியிருக்கும். அதன் சுவர்கள் மற்றச் சுவர்களைவிடத் தடிப்பானவை, கம்பி நிறைந்தவை. கதவு முழுவதும் எஃகு. எங்கள் சாமி மேடைக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த சுவர் இதுதான்! மாமா திசைகாட்டியை வைத்தது அந்தச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

அந்தச் சுவரில்தான் என் சோதனையைத் தொடங்கினேன். திசைகாட்டியின் ஓரத்தை ஒரு நீண்ட மரச்சட்டத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, சட்டத்தைத் திருப்பாமல், சுவரிலிருந்து சன்னலை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். நான் ஒரே திசையைத்தான் அளந்துகொண்டிருந்தேன். எண் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. சுவரருகே 94. அரை மீட்டர் தள்ளி 83. ஒரு மீட்டரில் 76. நடு அறையில் 73. தரையில் வைத்தால் ஓர் எண், இடுப்பளவு உயரத்தில் வேறோர் எண். பென்சிலால் தரையிலும் சுவரிலும் குறித்துக்கொண்டே போனேன். அம்மா புதுச் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மாமாவின் கருவியில் பழுதில்லை என்பது இதிலிருந்து தெரிந்தது. வைத்த இடம்தான் பழுது. ஊசி நடுங்காமல் நின்றதால் அவர் நம்பிவிட்டார். ஊசி நிலையாக நிற்பது, அங்குள்ள புலம் நிலையாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. தவறான திசையிலும் அது ஆடாமல் அசையாமல் நிற்கும்.

எந்தப் பொருள் ஊசியைக் கெடுக்கும், எது கெடுக்காது என்பதிலும் வழக்கமான எண்ணங்கள் சில தவறானவை. பித்தளைக் குத்துவிளக்கும் வெண்கல மணியும் செம்புச் சொம்பும் ஊசியை அசைக்கா. எடை எவ்வளவு இருந்தாலும் சரி. அலுமினியச் சன்னல் சட்டமும் அப்படியே. எவர்சில்வரில் இரு வகை உண்டு; காந்தம் ஒட்டும் தட்டு ஊசியைக் கெடுக்கும், ஒட்டாதது கெடுக்காது. வாசலில் உள்ள இரும்புக் கதவு, பீரோ, குளிர்சாதனப் பெட்டி, ஒலிபெருக்கி, இரும்புக் கால் வைத்த மேசை ஆகியவைதான் உண்மையான குற்றவாளிகள். மின்கம்பி சுவருக்குள் ஓடுகிறதே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுவது. ஊசி அதன் பின்னால் ஓட முடியாமல் நடுவிலேயே நின்றுவிடும். நேர்மின்சாரத்தில் ஓடும் எம்ஆர்டி ரயிலின் தண்டவாளத்துக்கு மிக அருகில் வேண்டுமானால் அந்தக் கவலைக்கு இடம் உண்டு.

எட்டுப் போட்டால் போதுமா?

அப்பாவின் 48 பாகைக்கு வேறு காரணம் இருந்தது. அவருடைய கைத்தொலைபேசி உறையின் மூடியில் ஒரு காந்தம் இருக்கிறது, மூடினால் டக் என்று ஒட்டிக்கொள்வதற்காக. தொலைபேசிக்குள் ஊசி இல்லை. மூன்று திசைகளிலும் காந்தப்புலத்தை அளக்கும் சின்னஞ்சிறு உணரி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி இந்தக் காந்தம். உறையைக் கழற்றி, தொலைபேசியைக் காற்றில் எட்டுப்போல் சில முறை சுழற்றிவிட்டு, நடு அறையில் மீண்டும் பார்த்தோம். 73 பாகை. என் எண்ணோடு ஒத்துப்போனது.

"அப்போது சுவரோரமும் எட்டுப் போட்டால் சரியாகிவிடுமே" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். போட்டுப் பார்த்தோம். சுவரோரம் 94க்குப் பக்கத்திலேயே நின்றது.

ஏன் என்பதை விளங்கிக்கொள்ளக் கப்பல்கள் உதவுகின்றன. 1801 முதல் 1803 வரை இன்வெஸ்டிகேட்டர் என்ற கப்பலில் ஆஸ்திரேலியக் கரைகளை அளந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸ், கப்பல் திரும்பத் திரும்பத் திசைகாட்டியின் பிழையும் மாறுவதைக் கவனித்தார். கப்பலில் இருந்த இரும்பே காரணம் என்று கண்டார். இரும்பாலேயே கப்பல் கட்டத் தொடங்கியதும் தொல்லை பெருகியது. 1838இல் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலறிஞர் ரெயின்போ என்ற இரும்புக் கப்பலைச் சுற்றித் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு பிழை வருகிறது என்று அளந்து, காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் வைத்து அதைச் சரிக்கட்டினார். 1870களில் கெல்வின் பிரபு செய்த திசைகாட்டிப் பீடத்தின் இரு பக்கமும் இரும்புக் குண்டுகள் இருக்கும். பழைய கப்பல் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவை அலங்காரம் அல்ல, இந்தத் திருத்தத்துக்காக வைத்தவை.

கப்பலைச் சுற்றினால் பிழை பிடிபடுவது எப்படி? கப்பலின் இரும்பு கப்பலோடு சேர்ந்து திரும்புகிறது. பூமியின் புலம் திரும்புவதில்லை. ஆகவே எது கூடவே வருகிறது, எது நிலையாக நிற்கிறது என்று பிரித்தறிய முடிகிறது. தொலைபேசியை எட்டுப்போல் சுழற்றுவதும் அதே வேலைதான். தொலைபேசிக்குள் இருக்கும் ஒலிபெருக்கிக் காந்தமும் மின்கலமும் அதனோடு சேர்ந்து சுழல்வதால், அவற்றின் பங்கை மென்பொருள் கணித்துக் கழித்துவிடுகிறது. பாதுகாப்பு அறையின் சுவர் உங்களோடு சேர்ந்து சுழல்வதில்லையே! அது பூமியைப் போலவே நிலையாக நிற்கிறது. தொலைபேசியின் பார்வையில் சுவரும் பூமியும் சேர்ந்து ஒரே புலம். எத்தனை எட்டுப் போட்டாலும் அவற்றைப் பிரிக்க வழியில்லை. "சரிசெய்யப்பட்டது" என்று திரையில் வந்தவுடன் நம்பிவிடுவதுதான் இன்று அதிகமாக நடக்கும் தவறு என்பது என் கருத்து. தொலைபேசி தன்னைச் சரிசெய்துகொண்டது, வீட்டைச் சரிசெய்யவில்லை.

பழைய ஊசித் திசைகாட்டியிலும் ஓர் எச்சரிக்கை. அதைத் தொலைபேசியோடு ஒரே பையில் போட்டு வைத்தால், காந்தம் பட்டு ஊசியின் முனைகளே மாறிவிடுவது உண்டு. வடக்கு முனை தெற்கைக் காட்டும். பயன்படுத்துவதற்கு முன் காலை வெயிலில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வெளியே போய்ப் பார்

நடு அறையின் 73ஐ நம்பலாமா? சுவரைவிட்டு விலக விலக எண் ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டு வந்தது. இன்னும் விலகினால் இன்னும் குறையுமோ என்ற கேள்வி இருந்தது. நில அளவைப் பாடத்தில் எங்களுக்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஓரிடத்தில் நின்று எதிரே உள்ள புள்ளியின் திசையைக் குறிக்க வேண்டும். பிறகு அந்தப் புள்ளிக்குப் போய் முதல் இடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டு எண்களுக்கும் இடையே சரியாக 180 பாகை வேறுபாடு இருந்தால் இரண்டு இடங்களும் பெரும்பாலும் நல்ல இடங்கள். இல்லையென்றால் ஏதோ ஒன்றில் உள்ளூர் ஈர்ப்பு இருக்கிறது. வரவேற்பறையின் இரு கோடிகளுக்கும் இடையே செய்து பார்த்தேன். 11 பாகை உதைத்தது. அதோடு வீட்டுக்குள் அளப்பதைக் கைவிட்டேன்.

உண்மையில் வீட்டுக்குள் அளக்க வேண்டிய தேவையே இல்லை. நம் அடுக்குமாடிகளில் பெரும்பாலானவற்றின் சுவர்கள் ஒன்றுக்கொன்று இணையாகவோ செங்குத்தாகவோ இருக்கின்றன. வெளிச்சுவர் ஒன்றின் திசையைத் திறந்த வெளியில் நின்று அளந்துவிட்டால், உள்ளே உள்ள எல்லாச் சுவர்களின் திசையும் கூட்டல் கழித்தலில் வந்துவிடும். திசையை வெளியே பிடித்து, கட்டடத்தின் மூலைமட்டத்தைக் கொண்டு உள்ளே எடுத்து வருகிறோம். காந்தம் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இதிலும் நான் ஒரு முறை தடுக்கி விழுந்தேன். திறந்த வெளி என்று எண்ணி, பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் உச்சித் தளத்துக்குப் போய் எங்கள் தொகுதியின் நீளச் சுவரைப் பார்த்து அளந்தேன். 151 பாகை வந்தது. தலைக்கு மேலே வானம் திறந்திருந்ததே தவிர, காலுக்கடியில் மாடி மாடியாக எஃகு இருந்ததை மறந்துவிட்டேன். பிறகு கீழே இறங்கித் திடலின் நடுவில், கார்களையும் விளக்குக் கம்பங்களையும் கால்வாயின் இரும்பு மூடிகளையும் விட்டு நன்றாக விலகி நின்று, மூன்று இடங்களிலிருந்து அளந்தேன். 160, 161, 160. மூன்றும் ஒத்துப்போனபோதுதான் மனம் அமைதியடைந்தது. நீளச் சுவர் 160 பாகை என்றால், அதற்குச் செங்குத்தாக எங்கள் சன்னல்கள் பார்க்கும் திசை 70 பாகை. வீடு வாங்கும்போது கொடுத்த மனைப் படத்தில் வடக்கு அம்பு இருந்தது. அதில் கோணமானியை வைத்துப் பார்த்தேன். அதுவும் 70தான் சொன்னது. இந்தப் படத்தை முதலிலேயே பார்த்திருந்தால் தச்சர் திரும்பிப் போயிருக்க மாட்டார்.

படமும் இல்லை, திடலும் இல்லை என்றால் சூரியன் இருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் காலைச் சூரியன் ஏறக்குறைய நேராக மேலே ஏறுகிறது. காலை ஒன்பது மணி வரை அதன் திசை மூன்று நான்கு பாகைக்கு மேல் நகர்வதில்லை. மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டி, காலையில் விழும் எந்த நிழலும் நேர் மேற்கைக் காட்டும். கோயில் கட்டும் சிற்பிகளின் முறையும் இதுதான். மயமதம், மானசாரம் போன்ற சிற்ப நூல்கள் திசை காணச் சொல்வது காந்த ஊசியால் அன்று. சங்கு எனப்படும் முளையைத் தரையில் நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, முற்பகலிலும் பிற்பகலிலும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் புள்ளிகளைச் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். வாஸ்து பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இரும்புக் கதவருகே தொலைபேசியை நீட்டுபவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

முஸ்லிம் நண்பர்களிடமும் இப்படி ஒரு வழி இருக்கிறது. ஆண்டில் இரு முறை, மே 28ஐ ஒட்டியும் ஜூலை 16ஐ ஒட்டியும், சூரியன் மக்காவிலுள்ள காபாவுக்கு நேர் உச்சியில் வரும். நம் நேரப்படி முதல் முறை மாலை ஏறக்குறைய ஐந்தே கால் மணிக்கு, இரண்டாம் முறை ஏறக்குறைய ஐந்தரைக்கு. அந்தக் கணத்தில் சூரியன் இருக்கும் பக்கமே கிப்லா. ஒரு குச்சியின் நிழல் போதும். மலேசிய ஹோட்டல் அறைகளின் கூரையில் கிப்லா அம்பு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விருந்தினர் ஒவ்வொருவரும் அறைக்குள் நின்று ஊசியோடு போராட வேண்டாம் என்ற வகையில் அது நல்ல ஏற்பாடு.

பாட்டியிடம் சொன்ன கணக்கு

70 பாகை என்றால் நேர் கிழக்கிலிருந்து 20 பாகை வடக்கே தள்ளியிருக்கிறது. மாமா சொன்ன அசல் கிழக்கும் அல்ல. அப்பா சொன்ன வடகிழக்கும் அல்ல. இதைப் பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். தச்சரிடம் சொல்லி மேடையை மட்டும் 20 பாகை கோணலாக அமைக்கலாம், கொஞ்சம் கூடுதல் செலவாகும் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார்.

பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த எழுபதுல சூரியன் உதிக்குமா, உதிக்காதா?" என்றார்.

உதிக்கும். சூரியன் எல்லா நாளும் நேர் கிழக்கில் உதிப்பதில்லை. ஜூன் மாதத்தில் 23 பாகைக்குச் சற்று அதிகமாக வடக்கே தள்ளியும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளியும் உதிக்கிறது. 70 பாகையில் அது உதிப்பது ஆண்டுக்கு இரு முறை: மே 20ஐ ஒட்டி ஒரு முறை, ஜூலை 24ஐ ஒட்டி இன்னொரு முறை.

"அப்போ சூரியன் வர்ற பக்கம்தான். கோணல் மாணலா எதுவும் வேண்டாம். சுவரை ஒட்டியே அடிக்கச் சொல்லு" என்று முடித்துவிட்டார்.

மேடை மே மாத நடுவில் வந்து சேர்ந்தது. 20ஆம் தேதி காலை ஏழே காலுக்கு நான் எழுந்து வந்தபோது பாட்டி ஏற்கெனவே விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்த் தொகுதிக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்தது. சன்னல் கம்பிகளின் நிழல் ஒரு பக்கமும் சாயாமல் அறைக்குள் நேராக நீண்டு, மேடையின் நடுவில் போய் ஏறியது. நான் கோணமானியை எடுக்கவில்லை.

சுவரில் பென்சில் குறிகள் இன்னும் இருக்கின்றன. மாமா வரும்போதெல்லாம் திசைகாட்டியை அந்த 94ஆம் எண் குறிமேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.